முதலாம் ஆண்டு: பொருந்தாது

படிவத்தின் நான்காம் பக்கத்தில்
முதல் செமஸ்டருக்கு ஆறு கட்டம்,
இரண்டாம் செமஸ்டருக்கு ஆறு கட்டம்.
"டிப்ளமோவா? நேரா ரெண்டாம் வருஷமா?
அப்ப குறுக்கே ஒரு கோடு போட்டு
பொருந்தாதுன்னு எழுதும்மா" என்றார்
பாலிடெக்னிக் அலுவலகத்தில் ஹேமாவதி மேடம்,
கையுறை போட்ட விரலால் தொட்டுக் காட்டி.
ஊட்டியில் அன்று பதினோரு மணிக்கும் மூட்டம்.
ஜன்னலுக்கு வெளியே
கொடிக்கம்பம் பாதிக்கு மேல் இல்லை.

கோடு போட்டேன். கொஞ்சம் கோணல்.
"மூணு வருஷம் டிராயிங் படிச்ச பொண்ணு
ஸ்கேல் கொண்டு வரலியா?"

இல்லை மேடம்.
இரவு ஷிப்ட் முடிந்து
கோத்தகிரியில் முதல் பஸ் பிடித்து வந்தேன்.
பையில் இருந்தது டெஸ்டர், இன்சுலேஷன் டேப்,
பாதி தின்ற வர்க்கி.

அந்தக் கோட்டுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று
பல்கலைக்கழகம் கேட்கவில்லை.

பதினான்கு மாதம் இருக்கிறது.
தேயிலை ஃபேக்டரியின் ஆறு வாடல் தொட்டிகள்,
தொட்டிக்கொரு விசிறி,
மூன்றாவது மட்டும் சொன்னபேச்சு கேட்காது.
ஜனவரியில் உறைபனி விழுந்து
கொழுந்து கருகிய இருபது நாள்
இயந்திரங்கள் சும்மா கிடக்க
ஒவ்வொரு மோட்டாராகப் பிரித்து
பேரிங்கில் கிரீஸ் வைத்தேன்.
காயில் கருகும் வாசனை
தூள் வறுபடும் வாசனையிலிருந்து
எங்கே பிரிகிறதென்று
இருட்டில் நின்றே சொல்வேன்.
அதற்கு எத்தனை கிரெடிட்?

ஸ்டான்லியும் அதே கல்லூரியைத்தான் கேட்டிருந்தான்.
அவன் ரேங்க் வருவதற்குள் இடம் தீர்ந்தது.
"ஓடுற மோட்டாரை இங்க பாத்தாச்சு,
அங்க போயி அதையே சமன்பாடா எழுதப் போற"
என்றான்.
சிரித்தானா தெரியவில்லை.
ரோலர் சத்தத்தில்
முகத்தின் கீழ்ப்பாதியைத்தான் நம்ப வேண்டும்,
அதை மப்ளர் மூடியிருந்தது.

எனக்குப் பயம் வேறு இடத்தில்.
பாடத்திட்டத்தில் கணிதம் மூன்று என்று போட்டிருக்கிறது.
ஒன்றும் இரண்டும்
எனக்கு முந்தின பஸ்ஸில் ஏறிப் போய்விட்டன.
அந்த வகுப்பில் எல்லாருக்கும்
ஒரு வருஷத்துச் சண்டையும் பட்டப்பெயரும் இருக்கும்.
நான் இடைவேளைக்குப் பிறகு
டார்ச் வெளிச்சத்தில் சீட் தேடுகிறவள்.

மாற்றுச் சான்றிதழில்
மு. யோகமலர். நடத்தை: நன்று.
அங்க அடையாளம்: வலது புறங்கையில் ஒரு மச்சம்.
அந்த மச்சத்தின் மேல்தான்
போன ஆடியில் சூடான டெர்மினல் பட்டு
வெள்ளையாய் ஒரு தழும்பு.
மேடத்திடம் கையை நீட்டிக் காட்டினேன்.
"விடு, யாரும் பாக்க மாட்டாங்க"
என்று முத்திரை குத்தினார்.

ஞாயிறு புறப்பட்டேன்.
அம்மா கொழுந்துக்குப் போய்விட்டாள்,
ஞாயிறென்றால் இரட்டைச் சம்பளம்.
சாவியைப் பக்கத்து லைனில் கொடுத்தேன்.

குஞ்சப்பனைக்கு இறங்கும்போது காது அடைத்தது.
சரியாக அப்போது போன்.
ஸ்டான்லி கோயிலுக்குப் போயிருக்க,
என் இடத்துக்கு வெள்ளிக்கிழமை வந்த பெள்ளிராஜ்:
"அக்கா, மூணாம் ஃபேனுக்கு
காயில் கட்டி வந்திருச்சு, மாட்டிட்டேன்.
தலைகீழா சுத்துது.
காத்து இலைக்குள்ள ஏறவே மாட்டேங்குது."
அவன் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது.

மெயினை ஆஃப் பண்ணு முதல்ல.
பண்ணியாச்சா?
மூணு ஃபேஸ்ல ஏதாவது ரெண்டை
இடம் மாத்திப் போடு.
எந்த ரெண்டுன்னாலும் சரிதான்.

பஸ் ஒரு வளைவு இறங்கியது, இன்னொன்று.
பக்கத்து இருக்கைக்காரர் ஸ்வெட்டரைக் கழற்றினார்.
முன்னால் ஒரு குழந்தை வாந்தியெடுத்தது.
போனில் ஸ்பேனர் விழும் ஓசை,
பெள்ளிராஜ் மூச்சு,
நெடுநேரம் ஒன்றுமில்லை,
பிறகு எங்கிருந்தோ எழுந்து வரும் காற்று.
எச்சிலை விழுங்கினேன்.
காது திறந்தது.

"ஓடுதுக்கா."